ஸ்டர்லிங் கோட்டை: கட்டடக்கலை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விமர்சனம்

ஸ்காட்லாந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் யோசிக்காமல் எடின்பரோ கோட்டைக்குப் போய்விடுகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், அதுவும் நல்ல கோட்டைதான். ஆனால் உங்களுக்குக் கட்டடங்களில் ஆர்வம் இருந்தால், ஒரு சுவர் ஏன் இங்கே இருக்கிறது, இந்த ஜன்னல் ஏன் இவ்வளவு பெரிது, இந்தக் கூரை எப்படி நிற்கிறது என்றெல்லாம் கேட்கிற ஆளாக இருந்தால், ரயில் ஏறி ஸ்டர்லிங் போங்கள். எடின்பரோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், கிளாஸ்கோவிலிருந்து இன்னும் சீக்கிரம். நான் பார்த்த ஸ்காட்டிஷ் கோட்டைகளில் கட்டடமே தன் கதையைச் சொல்கிற இடம் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

ஏன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே 'இன்னர் குளோஸ்' என்று ஒரு முற்றம் இருக்கிறது. அதன் நடுவில் நின்று ஒரு சுற்றுத் திரும்பினால் நான்கு கட்டடங்கள் தெரியும். 1490-களில் நான்காம் ஜேம்ஸ் தனக்காகக் கட்டிய வீடு, அதே ராஜா 1503 வாக்கில் முடித்த பெருமண்டபம், அவருடைய மகன் ஐந்தாம் ஜேம்ஸ் 1538 வாக்கில் தொடங்கிய அரண்மனை, அந்த மகனின் மகள்வழிப் பேரன் ஆறாம் ஜேம்ஸ் 1594-இல் எழுப்பிய தேவாலயம். ஒரே குடும்பம், ஏறக்குறைய நூறு வருஷம், நான்கு பக்கமும் நான்கு ரசனை. இடைக்காலக் கட்டடம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மறுமலர்ச்சிக் காலத்துக்கு நகர்ந்தது என்பதை ஒரு அடி கூட எடுத்து வைக்காமல் கழுத்தைத் திருப்பியே பார்த்துவிடலாம். இந்த மாதிரி ஒரு முற்றம் எடின்பரோவில் இல்லை. அங்கே உள்ள சதுக்கமும் அழகுதான், ஆனால் அதன் சுவர்களில் பிற்கால ராணுவத்தின் கைவேலை மிக அதிகம்.

ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தை எதிர்த்துப் போரிட்ட ஸ்காட்லாந்து வீரர்கள் வாலஸ், புரூஸ் கதைகளைக் கேட்டுவிட்டு அந்தக் காலத்துச் சுவர்களைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 1297 ஸ்டர்லிங் பாலப் போர், 1304-இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் 'வார்வுல்ஃப்' என்ற ராட்சதக் கவண் பொறியைக் கட்டி முற்றுகையிட்டது, 1314 பானக்பர்ன் போர், எல்லாம் இந்தக் குன்றைச் சுற்றித்தான் நடந்தன. ஆனால் பானக்பர்னில் ஜெயித்த ராபர்ட் புரூஸ், ஆங்கிலேயர் திரும்பி வந்தாலும் பயன்படக் கூடாது என்று கோட்டையையே இடித்துப் போட்டார். இன்று நிற்பதில் மிகப் பழையது வடக்கு வாசல், அது 1381-ஐச் சேர்ந்தது. அதனால் போர்க்கதைக்காக அல்ல, இந்த ஜேம்ஸ்களின் குடும்பமான ஸ்டூவர்ட் ராஜாக்களின் கட்டட வெறிக்காகத்தான் இங்கே வர வேண்டும்.

சரி, வெளியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரயில் நிலையத்திலிருந்து பழைய ஊர் வழியாக ஏறிப் போனால் மூச்சு வாங்கும், ஆனால் நடந்தே போங்கள். ஊரே ஒரு சாய்தளம் மாதிரி மெல்ல மேலேறி, கோட்டையிருக்கும் இடத்தில் சட்டென்று செங்குத்தாக அறுந்து நிற்கிறது. பூமிக்கடியில் உருகிய பாறை படிவுகளுக்கு நடுவே நுழைந்து, அங்கேயே உறைந்து, மேலே இருந்த மென்மையான மண் கல்லெல்லாம் பின்னால் பனியாறுகளால் அரிக்கப்பட்டுப் போக, கெட்டியான இந்தக் கல் மட்டும் நின்றுவிட்டது. கோட்டையின் மேற்குப் பக்கச் சுவருக்கும் பாறைக்கும் எங்கே எல்லை என்று கீழே நின்று பார்த்தால் உடனே பிடிபடாது. ஃபோர்த் நதியை முற்காலத்தில் பாலம் போட்டுக் கடக்கக்கூடிய கடைசி இடம் இந்தக் குன்றின் காலடியில் இருந்தது; மேற்கே போனால் சதுப்பு, கிழக்கே போனால் ஆறு அகன்றுவிடும். வடக்கே போகிற எந்தப் படையும் இந்தப் பாறையின் பார்வையில்தான் போயாக வேண்டும். இடத்தை இவ்வளவு சண்டை போட்டுப் பிடித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வாசலில் முதலில் தெரிகிற தாழ்வான, தடித்த, கோணல் கோணலான சுவர்கள் பழையவை அல்ல. 1708-இல் ஜாக்கபைட்டுகள், அதாவது பதவி இழந்த ஸ்டூவர்ட் வாரிசை மீண்டும் அரியணை ஏற்ற விரும்பியவர்கள், தரையிறங்க முயன்ற பயத்தில் ராணுவப் பொறியாளர் தியோடர் டியூரி வடிவமைத்து, 1714 வாக்கில் முடித்த வெளி அரண்கள் அவை. பீரங்கிக் குண்டுக்கு உயரமான மதில் உதவாது, தாழ்ந்து அகன்று நிற்பதுதான் உதவும். அதனால்தான் அழகில்லாமல் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. இதை விறுவிறுவென்று கடந்து போய்விடலாம், நான் அப்படித்தான் செய்வேன்.

அடுத்து வருவதுதான் நிற்க வேண்டிய இடம். நான்காம் ஜேம்ஸ் 1500-களின் தொடக்கத்தில் கட்டிய முன்வாயில், 'ஃபோர்வொர்க்' என்பார்கள். நடுவில் வண்டிகள், குதிரைகள் போகிற வளைவு, இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்து போகச் சிறு வளைவுகள். பழைய ரோமாபுரியின் வெற்றி வளைவு ஞாபகம் வரும் அமைப்பு. இரண்டு பக்கமும் உருண்டைக் கோபுரங்கள். இவை இன்று பாதி உயரம்தான் நிற்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு பாருங்கள். ஒருகாலத்தில் மேலே இன்னும் பல அடி உயர்ந்து, கூம்புக் கூரையோடு முடிந்தன. இதைக் காவலுக்காக மட்டும் கட்டியிருந்தால் இவ்வளவு செலவு தேவையில்லை. அப்போதே பீரங்கி வந்துவிட்டது. இவ்வளவு உயரமான மெல்லிய கோபுரங்கள் பீரங்கிக்கு நல்ல இலக்கு. ராஜாவுக்கு அது தெரியாமல் இல்லை. தான் வட ஐரோப்பாவின் பெரிய மன்னர்களுக்குச் சமமான வீரத் திருமகன் என்று வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும், அதற்கான முகப்பு இது. அழகுக்காகக் கட்டிய அரண் என்று எனக்கு இந்த வாசலின் மேல் தனிப் பிரியம் உண்டு.

இப்போது பெருமண்டபம், கிரேட் ஹால். ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் கோட்டை மேல் ஒரு கட்டடம் மட்டும் மஞ்சளாகத் தெரியுமே, அதுதான். வெளியளவில் ஏறக்குறைய 42 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம். ஸ்காட்லாந்தில் இடைக்காலத்தில் கட்டப்பட்ட மண்டபங்களில் இதுவே மிகப் பெரியது. இதன் நிறத்தைப் பற்றி இங்கே ஒரு பெரிய சண்டையே உண்டு. 1999-இல் சாரம் பிரித்து இந்தப் பொன்மஞ்சள் வெளியே தெரிந்தபோது பலருக்கு அதிர்ச்சி. கோட்டை என்றால் சாம்பல் நிறக் கல்லாக, மழையில் நனைந்து கறுத்து இருக்க வேண்டும் என்பது மனதில் ஊறிப்போன படம். இன்றும் 'இப்படிப் பெயின்ட் அடித்துக் கெடுத்துவிட்டார்களே' என்று சொல்கிற பார்வையாளர்களை முற்றத்தில் கேட்கலாம்.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை, மஞ்சள்தான் சரி. முதலில் அது பெயின்ட் அல்ல, சுண்ணாம்பு. ஸ்காட்லாந்தின் பழைய சுவர்கள் பெரும்பாலும் ஒழுங்கில்லாத கற்களை அடுக்கி எழுப்பியவை, அப்படியே விட்டால் மழைத் தண்ணீர் இடுக்குகளில் இறங்கி, குளிரில் உறைந்து, சுவரைப் பிளக்கும். அதனால் மணலும் சிறு கற்களும் கலந்த சுண்ணாம்புக் கலவையைச் சுவர் முழுக்க வீசிப் பூசுவார்கள். அதற்கு 'ஹார்லிங்' என்று பெயர். அதற்கு மேல் காவிமண் கலந்த சுண்ணாம்பை அடிப்பார்கள். சுவர் நனையும், ஆனால் காற்றுப் பட்டதும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். பழைய பூச்சின் தடயங்களை ஆராய்ந்துதான் இந்த நிறத்துக்கு வந்தார்கள், 'ராஜாவின் தங்கம்' என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். நமக்கு இன்று பிடிக்கிற வெறுங்கல் அழகு பிற்காலத்து ரசனை. கட்டிய ராஜா அதைப் பார்த்தால் வேலை இன்னும் முடியவில்லையே என்றுதான் கேட்டிருப்பார். மைல்கணக்கில் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் குன்றின் உச்சியில் அவ்வளவு பெரிய மண்டபத்தைக் கட்டினார். அந்த நோக்கத்தைப் பூச்சு இல்லாமல் புரிந்துகொள்ளவே முடியாது. மேகம் விலகி வெயில் அதன் மேல் விழுகிற நேரத்தில் எதிரே இருக்கிற சாம்பல் கட்டடங்களையும் அதையும் மாறி மாறிப் பாருங்கள், ஐந்நூறு வருஷத்துக்கு முன் இந்த முற்றம் முழுக்க எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு பிடிபடும்.

உள்ளே போனதும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள், நீங்களும் பார்ப்பீர்கள். ஓக் மரக் கூரை. 'ஹாமர்பீம்' என்பது அதன் வகை. இவ்வளவு அகலமான கூடத்தில் சாதாரணமாக ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குக் குறுக்கே உத்திரம் போட்டால்தான் கூரைச் சாய்வு சுவர்களை வெளியே தள்ளாமல் நிற்கும். ஆனால் குறுக்கு உத்திரம் வந்துவிட்டால் கூடத்தின் உயரம் கண்ணுக்குப் பாதியாகிவிடும். அதனால் இரண்டு சுவர்களிலிருந்தும் குட்டையான உத்திரங்களைக் கொஞ்ச தூரம் மட்டும் நீட்டி, அவற்றைக் கீழே வளைந்த முட்டுகளால் தாங்கி, அவற்றின் முனையிலிருந்து அடுத்த வளைவை மேலே எழுப்புவார்கள். சுமை படிப்படியாகச் சுவருக்குள் இறங்கிவிடும், நடுவில் வெறும் வெளி. அந்த வெளிதான் அண்ணாந்து பார்க்கும்போது நெஞ்சை நிறைக்கிறது.

இந்தக் கூரை புதியது, அதை ஒளிக்கவும் இல்லை. பழையதை 1800 வாக்கில் ராணுவம் பிரித்துப் போட்டு, மண்டபத்துக்குள் தளங்களும் தடுப்புச் சுவர்களும் படிகளும் வைத்துப் படைவீரர்கள் தங்கும் கூடமாக்கிவிட்டது. ராணுவம் 1964-இல் கோட்டையை விட்டுப் போன பிறகு, முப்பது வருஷத்துக்கு மேல் நடந்த வேலையில் அதையெல்லாம் எடுத்து, சுமார் 350 ஓக் மரங்களில் புதுக் கூரை செய்து, 1999 நவம்பர் 30-இல் இரண்டாம் எலிசபெத் ராணி திறந்துவைத்தார். புதிதாகச் செய்ததைப் பழையது என்று காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இங்கே பலகை வைத்துத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள், அது போதும். எடின்பரோ கோட்டையில் அதே ராஜாவின் மண்டபத்தில் அந்தக் காலத்துக் கூரையே இருக்கிறது. வாய்ப்பிருந்தால் இரண்டையும் பார்த்து ஒப்பிடுங்கள். மரம் அங்கே அசல், இடம் இங்கே அசல் மாதிரி. எனக்கு இடம்தான் பெரிது.

மண்டபத்தில் கூரையைத் தவிர மற்றதைப் பலர் தவற விடுகிறார்கள். ஐந்து கணப்படுப்புகள் இருக்கின்றன, அவ்வளவு பெரிய கூடத்தைச் சூடாக்க ஒன்று இரண்டு போதாது. ராஜாவும் ராணியும் அமர்கிற மேடை இருக்கும் கோடியில் மட்டும் சுவரை வெளியே தள்ளி, தரையிலிருந்து மேல்வரைக்கும் ஜன்னல் வைத்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும். மற்ற ஜன்னல்களெல்லாம் உயரத்தில், சின்னதாக. அப்படியானால் வெளிச்சம் எங்கே கொட்டும்? ராஜாவின் முகத்தில். விருந்தாளி எங்கே உட்கார்ந்திருந்தாலும் கண் அங்கேதான் போகும். 1594-இல் இளவரசர் ஹென்றியின் ஞானஸ்நான விருந்தில் பீரங்கி வைத்த ஒரு கப்பலையே, பாய்மரம் எல்லாம் கட்டி, இந்தக் கூடத்துக்குள் கொண்டுவந்து அதிலிருந்து மீன் பரிமாறியிருக்கிறார்கள். கூடத்தின் நடுவில் நின்று அந்தக் கப்பலின் உயரத்தை மனதில் வைத்துப் பாருங்கள், கூரையை ஏன் அவ்வளவு தூக்கி வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றாது.

அடுத்தது ஐந்தாம் ஜேம்ஸின் அரண்மனை. எனக்கு இந்தக் கோட்டையிலேயே மிகப் பிடித்தது இதன் வெளிச் சுவர்தான், அதற்கு உள்ளே நுழையவே தேவையில்லை. 1536-37-இல் ராஜா பிரான்சுக்குப் போய், அங்கே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த அரண்மனைகளைப் பார்த்துவிட்டு, பிரெஞ்சு இளவரசியைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார். அந்த இளவரசி சில மாதங்களில் இறந்துபோக, 1538-இல் மேரி ஆஃப் கீஸ் என்ற இன்னொரு பிரெஞ்சுப் பெண் ராணியாக வந்தார். அந்த ஆசையும் அந்த உறவும் சேர்ந்து பிறந்த கட்டடம் இது, பிரெஞ்சுக் கல்தச்சர்களும் வேலை செய்திருக்கிறார்கள். பிரிட்டன் முழுவதிலும் ஆரம்பகால மறுமலர்ச்சி அரண்மனைகளில் ஒன்று என்று இதைச் சொல்வார்கள்.

சுவரைக் கவனித்தால் ஒரு தாளம் தெரியும். பெரிய ஜன்னல், அடுத்து உள்வாங்கிய ஒரு மாடம், மீண்டும் ஜன்னல், மீண்டும் மாடம். மாடத்தின் மேல் விளிம்பு பழைய கோதிக் பாணியில் இதழ் இதழாக வளைந்திருக்கும். அதற்குள்ளே வயிறு புடைத்த ஒரு தூண், அது முழுக்கப் புதிய இத்தாலிய பாணி. தூணின் மேல் ஒரு சிலை. பழசும் புதுசும் ஒரே மாடத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. சேருமா சேராதா என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, துணிச்சலாக வைத்துவிட்டார்கள். வீனஸ் போன்ற கிரக தேவதைகள் இருக்கிறார்கள், சிலவற்றை ஜெர்மன் ஓவியர் ஹான்ஸ் புர்க்மைரின் அச்சுப்படங்களைப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சாத்தான் நிற்கிறான். மேலே கைப்பிடிச் சுவரில் படைவீரர்கள். வடகிழக்கு மூலையில், பெருமண்டபத்தையும் முற்றத்தையும் பார்த்தபடி, தாடி வைத்து நிற்பவர் ஐந்தாம் ஜேம்ஸ் ராஜாவே. கடவுளர், தீயது, சேனை, இவற்றுக்கு நடுவே தானும் ஒருவராக, மாளிகையைச் சுற்றி ஓர் உலகத்தையே நிறுத்திவிட்டார். ஜன்னல்களுக்கு மேலே 'I5' என்று செதுக்கியிருப்பதையும் தேடிப் பாருங்கள், அது லத்தீன் வழக்கில் ஐந்தாம் ஜேம்ஸ் என்ற பெயரின் சுருக்கம்.

வருத்தமான விஷயம், சிலைகளின் முகங்கள் தேய்ந்துகொண்டே இருக்கின்றன. மழையும் காற்றும் ஐந்நூறு வருஷமாகத் தின்றது. நல்ல பைனாகுலர் ஒன்று கையில் இருந்தால் இந்தச் சுவருக்கு மட்டும் அரை மணி நேரம் கொடுக்கலாம். வெறுங்கண்ணால் பார்த்தால் பாதி அர்த்தம் போய்விடும். சாயங்கால வெயில் தாழ்வாக அடிக்கும்போது உருவங்கள் துலக்கமாக எழும்பும். படம் எடுக்கிறவர்கள் கவனத்துக்கு.

அரண்மனையின் உள்பகுதி ஒரு சதுரம். நடுவில் ஒரு சிறு முற்றம், அதற்கு 'சிங்கக் குகை' என்று பெயர். ஒரு பக்கம் ராஜாவுக்கு மூன்று அறைகள், மறுபக்கம் ராணிக்கு மூன்று அறைகள், இரண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே அமைப்பு. வெளிக்கூடம், உள்கூடம், படுக்கையறை. வெளிக்கூடம் வரை பலர் வரலாம், உள்கூடத்துக்கு அழைத்தவர்கள், படுக்கையறைக்கு மிக நெருங்கியவர்கள் மட்டும். ஒருவர் எந்தக் கதவு வரை போகிறார் என்பதை வைத்து அரசவையில் அவருடைய இடம் தெரிந்துவிடும். வரைபடத்திலேயே அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறது.

2011-இல் சுமார் 1.2 கோடி பவுண்ட் செலவில் இந்த அறைகளை 1540-கள் காலத்து நிலைக்குக் கொண்டுவந்து திறந்தார்கள். வண்ணங்கள் உரக்கப் பேசும். சிவப்பு, பச்சை, பொன், எல்லாம் ஒரே சமயத்தில். முதலில் கண் கூசலாம். வெளிச்சுவர் மஞ்சளை நான் ஆதரிப்பதைப் போலவே இதையும் பெரும்பாலும் ஆதரிக்கிறேன், ஆனால் ஒரு குறை: புதுச் சாயம் எல்லா இடத்திலும் ஒரே சீராக, ஒரே பளபளப்பில் இருக்கிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்காகத் தீட்டிய நிறங்களை மின்விளக்கின் சமமான ஒளியில் பார்க்கிறோம், அதனால் கொஞ்சம் தட்டையாகத் தெரிகின்றன. விளக்குகளை இன்னும் குறைத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ராஜாவின் அறைகளைக் கிட்டத்தட்டக் காலியாக விட்டது மிக நல்ல முடிவு. 1542-இல் அவர் இறந்துவிட்டார், அதன் பிறகு இங்கே வாழ்ந்தவர் விதவை ராணி. அதனால் ராணியின் அறைகளில் மட்டும் கட்டில், விதானம், திரைச்சீலைகள். ராஜா பக்கத்தில் வெறும் தரை, வண்ணக் கூரை, அசல் கல் கணப்படுப்புகள். சாமான்களே இல்லாததால் கணப்படுப்புச் செதுக்கல்களை நிதானமாகப் பார்க்க முடிகிறது.

ராணியின் உள்கூடத்தில் ஒற்றைக்கொம்புக் குதிரையை வேட்டையாடும் திரைச்சீலைகள் தொங்குகின்றன. நியூயார்க்கில் இருக்கிற இடைக்காலத் தொகுதியைப் பார்த்துக் கையால் நெய்தவை, முடிக்கப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. கிட்டப் போய் ஒரு இலையை மட்டும் பாருங்கள், எத்தனை பச்சை நூல்கள் என்று எண்ண ஆரம்பித்தால் அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

ராஜாவின் உள்கூடக் கூரையில் வட்ட வட்டமாக மர முகங்கள். 'ஸ்டர்லிங் தலைகள்' என்று பெயர் பெற்றவை, ஓக் மரத்தில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலத்துக்குச் செதுக்கியவை. ராஜாக்கள், ராணிகள், ரோமச் சக்கரவர்த்திகள், ஹெர்குலிஸ், ஒரு விதூஷகன் கூட இருக்கிறான். கூரையில் இருப்பவை புதிதாகச் செதுக்கி வண்ணம் பூசிய நகல்கள். 1777-இல் ஒரு தலை கழன்று கீழே இருந்த ஒரு ராணுவ வீரர் மேல் விழ, மொத்தக் கூரையையும் இறக்கிவிட்டார்கள். மரத் துண்டுகள் நாலா பக்கமும் சிதறின. முப்பத்துச் சொச்சம் தப்பித்தன, அவற்றில் பெரும்பாலானவை இப்போது அதே அரண்மனையின் மாடியில் தனிக் கூடத்தில் இருக்கின்றன. சாயம் போய், வெடிப்பு விட்டு, தேன் நிறத்தில் இருக்கிற அந்த அசல் முகங்கள் என்னை மிகவும் பாதித்தன. உதட்டின் மடிப்பு, தொப்பியின் இறகு, மாலையின் முடிச்சு வரைக்கும் உளி போயிருக்கிறது. ஒரு தலையின் விளிம்பில் கோடும் வட்டமுமாகச் செதுக்கியிருப்பதை இசைக் குறிப்பு என்று நினைக்கிறார்கள். இந்த மாடிக்குப் பாதிப் பேர் ஏறுவதே இல்லை. கீழே நகலைப் பார்த்துவிட்டு வெளியேறுகிறார்கள். தயவுசெய்து ஏறுங்கள். டிக்கெட்டின் பாதி மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் தேவாலயம், சேப்பல் ராயல். வெளியே பெரிதாக ஒன்றும் இல்லாதது போலத் தெரியும். ஆனால் ஜன்னல்களைப் பாருங்கள்: ஒரு பெரிய அரைவட்ட வளைவு, அதற்குள் இரட்டையாக இரண்டு சிறு வளைவுகள். இத்தாலியிலிருந்து வந்த யோசனை. கூர்மையான கோதிக் வளைவுக்கு இங்கே இடமே இல்லை. கதவு நடுவில், இருபுறமும் மும்மூன்று ஜன்னல், அச்சு அசலான சமச்சீர். ஆறாம் ஜேம்ஸ் தன் மகன் ஹென்றியின் ஞானஸ்நானத்துக்காக இதை 1594-இல் சுமார் ஏழு மாதத்தில் முடித்தார். வெளிநாட்டுத் தூதுவர்கள் வருகிறார்கள், இங்கிலாந்தின் அரியணைக்கு அடுத்த வாரிசு தான்தான் என்று காட்ட வேண்டும், அவசரம் புரிகிறது. உள்ளே சுவரின் மேல்விளிம்பில் ஓடும் வண்ணப் பட்டை பின்னால் வந்தது, வாலண்டைன் ஜென்கின் என்ற ஓவியர் 1628-29-இல் தீட்டியது. வேகமாகக் கட்டிய கட்டடம் என்று தெரிந்த பிறகு பார்த்தால் அதன் எளிமை இன்னும் அழகாகத் தெரிகிறது.

நான்காவது பக்கம், 'கிங்ஸ் ஓல்டு பில்டிங்', உள்ளே அதிகம் மாறிவிட்டது. கட்டடமாக நான் இதில் நேரம் செலவிட மாட்டேன். ஆர்கைல் அண்ட் சதர்லாண்ட் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவின் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு ஒரு தகவல்: 1942 ஜனவரி 31-இல் ஜப்பானியப் படை நெருங்கிவர, ஜொகூர் பாலத்தைக் கடைசியாகக் கடந்து சிங்கப்பூருக்குள் பின்வாங்கியவர்கள் இந்தப் படைப்பிரிவினர்தான்.

சமையற்கூடங்களைத் தவறவிட வேண்டாம். 1689-இல் பீரங்கி மேடை போடுவதற்காக அவற்றை மண் போட்டு மூடினார்கள், 1920-களில் தோண்டி எடுத்தார்கள். மூடியதால்தான் பிழைத்தன. உள்ளே பொம்மை மனிதர்களை வைத்து அடுப்படிக் காட்சி செய்திருப்பது குழந்தைகளுக்குப் பிடிக்கும். எனக்கு அந்த வளைவுக் கூரையே போதும். மேற்கு மதிலில் நின்று கீழே பார்த்தால் புல்வெளியில் எட்டுமூலை மேடாக ஒரு பழைய தோட்டத்தின் தடம் தெரியும், 'கிங்ஸ் நாட்'. மேலிருந்து பார்ப்பதற்காகவே அமைத்த தோட்டம், அதனால் மதிலிலிருந்து பார்ப்பதுதான் முறை.

நடைமுறை விஷயங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்தால் வாசல் விலையை விடக் குறைவு. மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். நான் ஒருமுறை ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பஸ்ஸில் உறவினர்களைக் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு மணி நேரத்தில் திரும்ப வேண்டும் என்று விட்டார்கள், அதில் மண்டபமும் ஒரு காபியும்தான் முடிந்தது, அரண்மனை மாடி போயே போச்சு. ஏரி, கோட்டை, விஸ்கி என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் அடுக்குகிற பயணத் திட்டங்களை இந்தக் கோட்டைக்கு நம்பாதீர்கள், சொந்தமாக ரயிலில் போங்கள். தரை முழுக்கக் கல் பாவியது, ஏற்றமும் இறக்கமும். முட்டிவலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் வாசலிலேயே உதவி கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலையிலும் மதில் மேல் காற்று வாட்டும், மேல்சட்டை கட்டாயம். வழிகாட்டியோடு சுற்றும் நடை இருந்தால் அதில் சேர்ந்துவிட்டு, பிறகு தனியாக ஒரு சுற்று. அரண்மனை அறைகளில் பழைய உடை அணிந்து நிற்பவர்கள் வேஷத்துக்கு நிற்கவில்லை, விஷயம் தெரிந்தவர்கள். கூரையில் இருப்பது யார், இந்தக் கதவைத் தாண்ட யாருக்கு அனுமதி என்று கேளுங்கள், உற்சாகமாகச் சொல்வார்கள்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை. அந்த அரை, உள் அறைகளின் விளக்குகளுக்கும், வெளிச் சிலைகளை யார் யார் என்று நின்ற இடத்திலேயே படித்துத் தெரிந்துகொள்ள இன்னும் பெரிய விளக்கப் பலகைகள் வேண்டும் என்பதற்கும். இவ்வளவு அபூர்வமான சுவரை மக்கள் கழிப்பறைக்குப் போகிற வழியில் கடந்து போவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

திரும்பி இறங்கும்போது நேராக ரயில் நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். வழியில் ஹோலி ரூட் தேவாலயம் இருக்கிறது, 1567-இல் ஒரு வயதுக் குழந்தையாக இருந்த ஆறாம் ஜேம்ஸுக்கு முடிசூட்டிய இடம். அங்கே இடைக்கால ஓக் கூரை இன்னும் அசலாகவே நிற்கிறது. மேலே மண்டபத்தில் புது மரத்தைப் பார்த்த கண்ணோடு இந்தப் பழைய மரத்தைப் பார்க்க வேண்டும், அந்த வரிசையில் பார்த்தால்தான் இரண்டும் விளங்கும். திறந்திருக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.